வானம் முன்பைவிட அதிகமாகக் குலுக்குகிறதா? விமானத்தில் போகப் பயப்பட வேண்டுமா?

கேள்வி இது: "நடுவானில் விமானம் குலுங்கி ஆட்கள் அடிபட்ட செய்திகள் அடிக்கடி வருகின்றன. 2024-ல் சிங்கப்பூர் விமானத்தில் ஒருவர் இறந்தே போனார். காலநிலை மாற்றத்தால் இது இன்னும் மோசமாகும் என்கிறார்கள். 68 வயது அம்மாவைத் தனியாகப் பத்து மணி நேரப் பயணத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. குலுக்கலில் விமானம் உடைந்து விழுமா? அனுப்பலாமா?"

அம்மாவைத் தாராளமாக அனுப்புங்கள். விமானம் உடைந்து விழுமோ என்ற பயத்தை விட்டுவிடலாம். ஆனால் சில வான்பாதைகள் முன்பைவிட அதிகமாகக் குலுக்கத் தொடங்கியிருப்பது உண்மைதான். அந்தக் குலுக்கலில் அடிபடுகிறவர்கள் யார் என்று பார்த்தால், அநேகமாக எல்லோருமே அந்த நேரத்தில் பெல்ட் போடாமல் இருந்தவர்கள். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்குச் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும்.

விமானம் கிளம்புவதற்கு முன் அது எந்த வழியாக, எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும் என்று வானிலையைப் பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுக்கும் டிஸ்பாட்ச் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். குலுக்கல் எங்கே இருக்கும் என்று வரைபடத்தில் தேடியே பல இரவுகள் போயிருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்களைப் பயமுறுத்திய அந்தச் சம்பவத்திலிருந்தே தொடங்குவோம். 2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்த எஸ்க்யூ 321, போயிங் 777 ரகம். உள்ளே 211 பயணிகள், 18 பணியாளர்கள். மியான்மரின் ஐராவதி ஆற்றுப் படுகைக்கு மேலே, 37,000 அடி உயரத்தில் அது கடுமையாகக் குலுங்கியது. 73 வயதான பிரிட்டிஷ் பயணி ஒருவர் இறந்தார். மாரடைப்பாக இருக்கலாம் என்று சொல்லப்பட்டது. பலருக்குத் தலையிலும் முதுகெலும்பிலும் அடி. விமானம் பாங்காக்குக்குத் திருப்பப்பட்டுப் பத்திரமாக இறங்கியது.

அன்றைய செய்திகளில் "6,000 அடி விழுந்தது" என்று படித்திருப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. கறுப்புப் பெட்டித் தகவல்களை வைத்துச் சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்புப் புலனாய்வு அமைப்பு முதற்கட்ட விவரங்களை வெளியிட்டது. அதன்படி குலுக்கலில் விமானம் இழந்த உயரம் 178 அடி. 37,362-லிருந்து 37,184-க்கு. அந்த 6,000 அடி இறக்கம், சுமார் 17 நிமிடம் கழித்து, பாங்காக்கில் இறங்குவதற்காக விமானிகள் நிதானமாகச் செய்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டுக் குழப்பிவிட்டார்கள்.

சரி, வெறும் 178 அடிக்கா இத்தனை பேர் அடிபட்டார்கள்? எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைவிட எவ்வளவு சடக்கென்று இறங்கியது என்பதுதான் இங்கே முக்கியம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம்மை இருக்கையோடு அழுத்தும் எடையை 1 ஜி என்பார்கள். அந்த விமானத்தில் இது 1.35 ஜியிலிருந்து மைனஸ் 1.5 ஜிக்கு 0.6 விநாடியில் மாறியது. மைனஸ் என்றால், கையிலிருந்து நழுவி விழும் ஒரு பொருளைவிட வேகமாக விமானம் கீழே தள்ளப்படுகிறது என்று அர்த்தம். பெல்ட் போட்டவரை இருக்கை தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. போடாதவரை இழுக்க எதுவும் இல்லை. விமானத்தின் கூரை இறங்கி வந்து அவர் தலையில் இடிக்கிறது. பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு அவர் மேலே பறந்து போனதுபோல் தெரியும். அடுத்த 4 விநாடிக்குள் அளவு மறுபடி பிளஸ் 1.5 ஜிக்கு ஏறிவிட்டது. மேலே போனவர்கள் கைப்பிடி மேலும் இருக்கை விளிம்பு மேலும் தரை மேலும் வந்து விழுந்தது அப்போதுதான். மொத்தமே 4.6 விநாடி.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த எண் வேறு. பெல்ட் விளக்கு போடப்பட்டதாக விமானி அறையில் ஒருவர் சொல்வது பதிவாகியிருக்கிறது. அதற்கும் அந்தப் பெரிய ஆட்டத்துக்கும் நடுவே இருந்தது 8 விநாடி. கழிப்பறையில் இருப்பவர் 8 விநாடியில் இருக்கைக்கு வந்துவிட முடியாது. தூங்குகிறவருக்கு அறிவிப்பு காதில் விழுந்து எழுந்திருக்கவே அது போதாது. பணிப்பெண் தள்ளுவண்டியைப் பூட்டி வைக்கக்கூட முடியாது. விளக்கு எரிந்தபின் போட்டுக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கு இந்த மாதிரிச் சமயத்தில் நேரமே கிடைப்பதில்லை.

இந்தக் குலுக்கல் எங்கிருந்து வருகிறது? "ஏர் பாக்கெட்டில் விழுந்தோம்" என்று சொல்வது வழக்கம். காற்றில் குழி எதுவும் கிடையாது. அங்கேயும் காற்று இருக்கிறது. மேலும் கீழும் சுழன்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சுழல் ரொம்பச் சிறியதாக இருந்தால் விமானம் கண்டுகொள்ளாது. ரொம்பப் பெரியதாக இருந்தால் மெதுவாக ஏறி இறங்கிவிட்டுப் போகும். சுமார் 100 மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் அகலம் வரை உள்ள சுழல்கள்தான் விமானத்தைப் பிடித்து உலுக்குகின்றன. வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒரு காரணம். மத்தியான நேரத்தில் இறங்கும்போது ஆடுவது பெரும்பாலும் இதனால்தான். மலைத்தொடரைத் தாண்டி வரும் காற்று அலை அலையாக மேலெழுவது இன்னொன்று. இடிமேகம் மூன்றாவது. இவை மூன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு: தரை தெரியும், மலை தெரியும், மேகம் ரேடாரில் விழும்.

நான்காவது வகைதான் தொல்லை பிடித்தது. மேகமே இல்லாத நீல வானத்தில், எந்த அறிகுறியும் இல்லாமல் வருவது. விமானத்தின் மூக்கில் இருக்கும் வானிலை ரேடார் மழைத்துளிகளையும் பனித்துகள்களையும்தான் பார்க்கும். வெறும் காற்று அதன் கண்ணில் படாது. காலநிலை மாற்றத்தோடு சேர்த்து ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பேசுவது இந்த வகையைத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

பூமத்திய ரேகைப் பக்கம் காற்று சூடு, துருவப் பக்கம் குளிர். இந்த வித்தியாசமும் பூமி சுற்றுவதும் சேர்ந்து, ஏறக்குறைய விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆற்றை ஓடவிடுகின்றன. அதுதான் ஜெட் ஸ்ட்ரீம். மணிக்கு 200 கிலோமீட்டர் அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் 300-ஐயும் தாண்டும். 1920-களிலேயே ஜப்பானில் வாசபுரோ ஓயிஷி என்ற வானிலையாளர் பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டுபிடித்துவிட்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அவர் 1926-ல் அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட, கிட்டத்தட்ட யாரும் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் அது பரவலாகக் கவனத்துக்கு வந்தது. அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு சங்கடப்படும்.

இந்த ஆற்றின் நடுவில் வேகம் அதிகம். அதற்குச் சற்று மேலேயும் கீழேயும் குறைவு. கடல்மேல் காற்று உரசிப் போகும்போது அலை எழுகிறதே, அதேபோல வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு காற்று அடுக்குகள் உரசும் இடத்திலும் அலை எழும். அடுக்குகளின் அடர்த்தி வித்தியாசம் அந்த அலையை அடக்கப் பார்க்கும். வேக வித்தியாசம் அதைத் தூண்டிவிடும். எந்தக் கை ஓங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவுக்கு லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியின் பெயரை வைத்து ரிச்சர்ட்சன் எண் என்கிறார்கள். அது 0.25-க்குக் கீழே போனால் அலை உருண்டு சுருண்டு உடையத் தொடங்கும். கரையில் உடையும் கடலலை போலவேதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்துக்குள் விமானம் நுழைந்தால் குலுங்கும். இந்தக் கொந்தளிப்பு அடுக்குகள் பெரும்பாலும் மெல்லியவை. விமானி 2,000 அடியோ 4,000 அடியோ ஏறியோ இறங்கியோ பார்ப்பது அதற்காகத்தான். பல நேரம் அதிலேயே அமைதியான காற்று கிடைத்துவிடும்.

இப்போது காலநிலை மாற்றம் இதில் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். இங்கே நிறையப் பேர் ஒரு இடத்தில் குழம்புகிறார்கள். ஆர்க்டிக் மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடாகிறது. அப்படியானால் துருவத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, ஜெட் ஸ்ட்ரீம் தளரத்தானே வேண்டும் என்று கேட்பார்கள். தரைக்குப் பக்கத்தில் இது சரிதான். விமானம் பறக்கும் உயரத்தில் கதை தலைகீழ். அங்கே வெப்பமண்டலப் பகுதியின் காற்று அதிகமாகச் சூடாகிறது. அதே உயரத்தில் துருவப் பக்கம் இருப்பது அடுத்த அடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரின் அடிப்பகுதி, அது கரியமில வாயு கூடக்கூடக் குளிர்கிறது. ஆக மேலே வித்தியாசம் கூடுகிறது. கீழே தளர்வதும் மேலே இறுகுவதும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் ஜெட் ஸ்ட்ரீமின் வேகம் பெரிதாக மாறவில்லை. ஆனால் அடுக்குக்கு அடுக்கு உள்ள வேக வித்தியாசம் கூடிவிட்டது. வட அட்லாண்டிக்குக்கு மேலே அது 1979-லிருந்து 15 சதவீதம் கூடியிருப்பதாகப் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் காட்டினார்கள். அலையைத் தூண்டிவிடுவது அந்த வித்தியாசம்தான் என்று மேலே சொன்னேன் அல்லவா.

இதே பல்கலைக்கழகத்தின் பால் வில்லியம்ஸ் இந்தத் துறையில் முக்கியமான பெயர். 2013-ல் அவரும் மனோஜ் ஜோஷியும் ஒரு கணிப்பை வெளியிட்டார்கள்: காற்றில் கரியமில வாயு தொழில்புரட்சிக்கு முந்தைய அளவைப்போல இரண்டு மடங்கானால், குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் பாதையில் மிதமான மற்றும் அதற்கு மேற்பட்ட குலுக்கல் 40 முதல் 170 சதவீதம் வரை கூடலாம். அந்தப் பழைய அளவு பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு. 2024-ல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. பாதி தூரம் வந்தாயிற்று.

2023-ல் அதே குழு, வரப்போவதை விட்டுவிட்டு நடந்து முடிந்ததைக் கணக்கெடுத்தது. வட அட்லாண்டிக்கில் சராசரியான ஓர் இடத்துக்கு மேலே கடுமையான குலுக்கல் 1979-ல் ஆண்டுக்கு 17.7 மணி நேரம் இருந்தது, 2020-ல் 27.4 மணி நேரம். 55 சதவீத உயர்வு. மிதமானது 70 மணியிலிருந்து 96.1 மணிக்கு, அதாவது 37 சதவீதம் ஏறியது. அமெரிக்கா, ஐரோப்பா, மத்தியக் கிழக்கு வான்பாதைகளிலும் உயர்வு தெரிந்தது.

55 சதவீதம் என்பதுதான் எல்லாத் தலைப்புச் செய்திகளிலும் வந்தது. அந்த எண் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை என்று நினைக்கிறேன். ஒரு வருடத்தில் 8,760 மணி நேரம் இருக்கிறது. அதில் 27.4 மணி என்பது ஆயிரத்துக்கு மூன்று. முன்பு ஆயிரத்துக்கு இரண்டு. கூடியிருக்கிறது, கவலைப்பட வேண்டிய விஷயம்தான். அதற்காக வானம் முழுக்கக் கொந்தளிக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, இந்த எண்கள் விமானங்களில் கருவி வைத்து அளந்தவை அல்ல. பழைய வானிலைப் பதிவுகளைக் கணினியில் மீட்டெடுத்து, காற்றின் போக்கிலிருந்து கணக்கிட்டவை. ஆகவே திசையை உறுதியாக நம்பலாம். புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது.

பூமத்திய ரேகையை ஒட்டிய பாதைகளில் ஜெட் ஸ்ட்ரீமைவிட இடிமேகம்தான் பெரிய எதிரி. அங்கே மேகக் கோபுரங்கள் 50,000 அடியையும் தாண்டி எழும். பயணிகள் விமானம் அவற்றுக்கு மேலே ஏறிப் போக முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த நீராவிதான் இடிமேகத்தின் எரிபொருள். மேகத்துக்குள் நுழைந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. வேகமாக எழும் மேகம் தன்னைச் சுற்றியுள்ள தெளிந்த காற்றையும் கலக்கிவிடும். கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் தள்ளியே போக வேண்டும் என்று அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ விமானிகளுக்குச் சொல்வது அதனால்தான். டிஸ்பாட்ச் மேசையில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அடிக்கடி எழுந்து அடிக்கடி அடங்கும் இந்த மேகங்கள்தான். நாம் வரைபடம் பார்த்துப் பாதை போட்டுக் கொடுக்கும்போது அது அங்கே இருக்காது. நான்கு மணி நேரம் கழித்து விமானம் போகும்போது இருக்கும்.

இப்போது உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன்: விமானம் உடையுமா?

பயணிகள் விமானம் ஒன்றுக்கு அனுமதி வாங்க வேண்டுமானால், அது பறக்கும் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய மிக மோசமான சுமை என்று விதி வகுத்த அளவு எதுவோ, அதைப்போல ஒன்றரை மடங்கை அதன் உடல் 3 விநாடியாவது தாங்க வேண்டும். 1995-ல் போயிங் 777-இன் இறக்கையை ஆலையிலேயே கட்டி வைத்து, உடையும்வரை மேல்நோக்கி வளைத்துப் பார்த்தார்கள். நுனி 24 அடி, அதாவது ஏழு மீட்டருக்கு மேல் வளைந்தது. எதிர்பார்க்கும் உச்சச் சுமையின் 154 சதவீதத்தில்தான் உடைந்தது. குலுக்கலில் ஜன்னல் வழியே இறக்கை மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது வளைய வேண்டும் என்றே செய்யப்பட்டது. வளையாமல் விறைப்பாக நின்றிருந்தால் அந்த அடி முழுவதும் உள்ளே இருக்கும் உங்கள் மேல்தான் வந்திருக்கும். குலுக்கல் வரும்போது விமானி வேகத்தைக் குறைப்பதும் இதற்காகத்தான். மேடுபள்ளச் சாலையில் காரை மெதுவாக ஓட்டுவது போல.

உடைந்ததே இல்லையா? உடைந்திருக்கிறது. 1966 மார்ச் 5 அன்று ஜப்பானின் ஃபியூஜி மலைக்குப் பக்கத்தில், தெளிவான வானத்தில், மலையைத் தாண்டி வந்த பயங்கரமான காற்றலையில் சிக்கி போயிங் 707 ஒன்று நொறுங்கியது. இருந்த 124 பேரும் இறந்தார்கள். 1981-ல் நெதர்லாந்தில் சிறிய ஜெட் ஒன்று டொர்னாடோ என்ற சுழல்காற்றுக்குள் போய் இறக்கை முறிந்து 17 பேர் இறந்தார்கள். இவற்றை மறைக்கக் கூடாது. ஆனால் மலையலை என்றால் என்ன என்று விமானிகளுக்கு இன்று கற்றுத் தருவதும், பலத்த காற்று நாளில் மலைக்குப் பக்கத்தில் தாழ்வாகப் போகாமல் பார்த்துக்கொள்வதும் அந்த மாதிரி இழப்புகளிலிருந்து கற்றதுதான். நடுவானில் சீராகப் பறந்துகொண்டிருக்கும் பெரிய நவீன ஜெட் விமானம் ஒன்று குலுக்கலால் மட்டும் உடைந்து விழுவது இன்றைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தக்க ஆபத்தே இல்லை.

மொத்தப் பாதுகாப்பையும் ஒரு கணக்கில் பாருங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் அர்னால்ட் பார்னெட்டும் உடன் ஆய்வாளரும் உலகம் முழுக்கக் கணக்கெடுத்ததில், 1968 முதல் 1977 வரை 3.5 லட்சம் பேர் விமானம் ஏறினால் ஒருவர் இறந்தார். 2018 முதல் 2022 வரை 1.37 கோடி பேருக்கு ஒருவர். வானம் கொஞ்சம் கொஞ்சமாக முரடாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் பயணம் இவ்வளவு பத்திரமாகியிருக்கிறது.

அப்புறம், இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுப்போகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஃப்ஏஏ கணக்குப்படி அமெரிக்காவில் 2009 முதல் 2022 வரை குலுக்கலால் பலத்த காயம் அடைந்தவர்கள் 163 பேர். 14 ஆண்டுக்கு 163 என்றால், கோடிக்கணக்கானோர் பறக்கும் நாட்டில், ஆண்டுக்குப் பன்னிரண்டுக்கும் குறைவு. பயணிக்கு இது ஆறுதலான எண். ஆனால் அந்த 163-ஐப் பிரித்துப் பாருங்கள்: பயணிகள் 34 பேர், விமானப் பணியாளர்கள் 129 பேர். ஐந்தில் நான்கு பேர் பணியாளர்கள். ஒவ்வொரு விமானத்திலும் பயணிகளைவிட மிகமிகக் குறைவாக இருப்பவர்கள் அவர்கள். உங்கள் அம்மா பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது, அவர் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று பார்க்க நடந்து வருபவர் நின்றுகொண்டிருக்கிறார்.

எனக்குத் தெரிந்த மூத்த பணிப்பெண் ஒருவர், பெல்ட் விளக்கு எரிந்த பிறகு எழுந்து நின்ற ஒரு பயணியை உட்கார வைத்துவிட்டுத் திரும்பினார். கனமான தள்ளுவண்டி ஒன்று எழும்பிக் கணுக்கால் மேல் இறங்கியது. இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. அந்த விமானத்தில் வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதனால் அது செய்தியிலும் வரவில்லை. ஆயிரம் மணிக்கு இரண்டு மணியாக இருந்த கடுமையான குலுக்கல் மூன்றாகும்போது, வருடத்துக்கு ஒருமுறை பறக்கும் பயணிக்கு அதிகம் தெரியாது. மாதம் 80 மணி நேரம் அந்த நடைபாதையில் நிற்பவருக்குத் தெரியும். காலநிலை மாற்றம் விமானப் பயணத்தில் யார்மேல் முதலில் விழுகிறது என்று கேட்டால், நான் அவர்களைத்தான் சொல்வேன்.

நல்ல விஷயம், விமான நிறுவனங்கள் சில இதை உணர்ந்து மாற்றங்கள் செய்கின்றன. மேலே சொன்ன சம்பவத்துக்குப் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பெல்ட் விளக்கு எரியும்போது உணவு பரிமாறுவதையும் நிறுத்திவைக்க ஆரம்பித்தது. அதற்கு முன் சூடான பானங்களை மட்டும்தான் நிறுத்துவார்கள். கொரியன் ஏர் 2024 ஜூலையிலிருந்து, தரையிறங்க 20 நிமிடம் இருக்கும்போது முடித்துவந்த சேவையை 40 நிமிடம் இருக்கும்போதே முடித்துவிடுகிறது. அடுத்த மாதமே எகானமி வகுப்பில் கொதிநீர் ஊற்றித் தரும் கப் நூடுல்ஸையும் நிறுத்தியது. சாப்பாடு தரவில்லை என்று கோபப்படும் பயணிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர்கள் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் நல்லது.

தொழில்நுட்பத்திலும் முன்னேற்றம் இருக்கிறது. முன்பெல்லாம் "இங்கே மிதமான குலுக்கல்" என்று ஒரு விமானி வாயால் சொல்வதுதான் தகவல். பெரிய விமானத்தில் மிதமாகத் தெரிவது சின்ன விமானத்தில் கடுமையாக இருக்கும். இப்போது விமானத்தின் கருவிகளே காற்றின் கொந்தளிப்பை ஒரு பொது அளவில் கணக்கிட்டு அனுப்புகின்றன. சர்வதேச விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஏடிஏ 2018-ல் தொடங்கிய திட்டம் அதை நிறுவனங்களுக்கிடையே உடனுக்குடன் பகிர்கிறது. முன்னால் போனவர் பட்டது பின்னால் வருபவருக்கு உதவுகிறது. மேகமில்லாத குலுக்கலை லேசர் ஒளியால் முன்கூட்டியே பார்க்கும் கருவியை ஜப்பானின் விண்வெளி ஆய்வு அமைப்பான ஜாக்சா விமானத்தில் வைத்துச் சோதித்திருக்கிறது. இன்னும் பயணிகள் விமானங்களுக்கு வரவில்லை.

காலநிலை மாற்றம் குலுக்கலோடு நிற்பதும் இல்லை. சூடான காற்று லேசானது, இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை குறையும். 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் வெப்பம் 48 டிகிரியைத் தொட்டபோது சிறிய ஜெட் விமானங்கள் பலவற்றை ரத்து செய்தார்கள். 2018-ல் புயலில் ஜப்பானின் கன்சாய் விமான நிலைய ஓடுதளம் கடல்நீரில் மூழ்கியது. இவை பயணத்தைத் தாமதமாக்கும், செலவை ஏற்றும். உங்கள் அம்மாவின் உயிருக்கு ஆபத்து இல்லை. விமானங்களும் உலகின் கரியமில வாயுவில் சுமார் 2.5 சதவீதத்தைக் கக்குகின்றன. குலுக்கலைத் தவிர்க்கச் சுற்றிப் போனால் எரிபொருள் இன்னும் செலவாகும். அந்தச் சுழலை எப்படி அறுப்பது என்பது தனிக் கேள்வி, இங்கே அதற்குள் போகவில்லை.

சரி, அம்மாவின் பயணம். முடிந்தால் இறக்கைக்குப் பக்கத்திலோ அதற்கு முன்னாலோ இருக்கை எடுங்கள். வால்பகுதி அதிகம் ஆடும். இறக்கைக்கு அருகே ஆட்டம் குறைவாகத் தெரியும். வயதானவர், அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்றால் நடைபாதை ஓர இருக்கை நல்லது, ஆனால் தலைக்கு மேலே கனமான பெட்டி வைக்கிறார்களா என்று கவனிக்கச் சொல்லுங்கள். குலுக்கலில் அந்தக் கதவு திறந்துகொள்வது உண்டு. தேர்வு செய்ய முடிந்தால் காலையில் கிளம்பும் விமானம் எடுங்கள். தரை சூடேறி மேகம் எழுவதற்கு முன் ஏறிவிடலாம்.

கழிப்பறைக்கு, பெல்ட் விளக்கு அணைந்திருக்கும்போதே போய்வந்துவிட வேண்டும். அவசரம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அப்படிக் காத்திருந்துதான் பலர் தவறான நேரத்தில் எழுந்திருக்கிறார்கள். நடைபாதையில் இருக்கும்போது குலுங்கத் தொடங்கினால் தன் இருக்கையைத் தேடி ஓட வேண்டாம். பக்கத்தில் காலியாக எந்த இருக்கை இருந்தாலும் உட்கார்ந்து பெல்ட்டைப் போட வேண்டியதுதான். அதுவும் இல்லையென்றால் தரையிலேயே உட்கார்ந்து இருக்கையின் கால்களை இறுகப் பிடித்துக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தேநீரோ காபியோ வாங்கினால் அரைக் கோப்பை போதும். கூடவே யாராவது கைக்குழந்தையோடு வருவதாக இருந்தால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கும் தனி இருக்கையும் அதற்குரிய பட்டையும் வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி வலியுறுத்துகிறது. மைனஸ் ஒன்றரை ஜியில் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்துவைத்திருக்க முடியாது.

பெல்ட்டை வயிற்றின் மேல் போடாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, இறுக்கமாகப் போட வேண்டும். விளக்கு அணைந்த பிறகும் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் கழற்றவே வேண்டாம்; கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் போதும். தூங்கப் போகும்போது முதலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, அதற்கு மேலே தெரியும்படி பெல்ட்டைப் போடச் சொல்லுங்கள். அப்படிப் போட்டிருந்தால் நடு இரவில் விளக்கு எரியும்போது யாரும் அவரை எழுப்பிச் சரிபார்க்க வேண்டியிருக்காது. பணிப்பெண் ஒரு பார்வையில் அந்த வரிசையைக் கடந்து போய், தன் இருக்கையில் உட்கார்ந்து தன் பெல்ட்டையும் போட்டுக்கொண்டுவிடலாம்.